இலவசமாகக் கிடைக்கும் எகிப்தும் கைக்கு எட்டாத அரிக்கமேடும்

2025 நவம்பர் 1 அன்று புதுச்சேரி தனது விடுதலை நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அதே நாளில், கெய்ரோ நகருக்கு அருகே கீஸா பிரமிடுகளின் பார்வையில், மாபெரும் எகிப்து அருங்காட்சியகம் அதிகாரபூர்வமாகத் திறந்துவைக்கப்பட்டது. இளவயது மன்னன் துட்டன்காமுனின், 1922-இல் கண்டறியப்பட்ட கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட 5,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் முதன்முறையாக ஒரே இடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. தொலைக்காட்சிகளும் கைப்பேசிகளும் அந்தத் தங்க முகக்கவசத்தைத் திரும்பத் திரும்பக் காட்டின.

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் வசிக்கும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் அடுத்த வாரமே என் வீட்டுக்கு வந்தார். பள்ளியில் பழங்கால எகிப்து குறித்து ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டுமாம். "சார், புத்தகம் வாங்க முடியாது, விலை அதிகம். சும்மா கிடைக்கிற புத்தகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன் நான். எகிப்தியல் என் துறை அன்று. ஆயினும் "இலவசம்" என்ற சொல் எந்தப் பொருளாதார ஆசிரியரையும் சும்மா இருக்க விடாது. அன்று மாலை இருவருமாகத் தேட அமர்ந்தோம்.

தேடியவுடன் கிடைத்தவை என்னைத் திகைக்க வைத்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தொல்பண்பாட்டு ஆய்வு நிறுவனம் தன் வெளியீடுகளைக் கட்டணமின்றிப் பதிவிறக்கம் செய்துகொள்ள அனுமதிக்கிறது. 2023 வரை கீழ்த்திசை நிறுவனம் என்று அறியப்பட்டதும் இதுவே. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2012 முதல் தன் பழைய நூல்களை நூற்றுக்கணக்கில் இணையத்தில் வைத்துள்ளது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகம், அறிஞர்களால் சரிபார்க்கப்பட்ட எகிப்தியல் கலைக்களஞ்சியம் ஒன்றை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஆக்ஸ்போர்டிலுள்ள கிரிஃபித் நிறுவனம், ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமுன் கல்லறையைத் தோண்டியபோது எழுதிய அட்டைக் குறிப்புகளையும் நாட்குறிப்புகளையும் ஒளிப்படங்களையும் அப்படியே இணையத்தில் ஏற்றியுள்ளது. நூறு ஆண்டுகளுக்கு முன் லக்சர் பாலைவனத்தில் ஒருவர் பென்சிலால் எழுதிய குறிப்பை, நெல்லித்தோப்பில் ஒரு மாணவி தன் கைப்பேசியில் படிக்க முடிகிறது. இதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் இளமையில் இத்தகைய ஒரு நூலைக் கண்ணால் காணச் சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்தது.

பிரெஞ்சு அறிந்த புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. எகிப்தியச் சித்திர எழுத்துகளின் புதிரை 1822-இல் அவிழ்த்தவர் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன். எகிப்தின் தொல்லியல் துறையை 1858 முதல் 1952 வரை பிரெஞ்சு அறிஞர்களே தலைமையேற்று நடத்தினர். அவர்களுடைய நூல்களில் பல, பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'கலிகா' இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கெய்ரோவிலுள்ள பிரெஞ்சு தொல்லியல் நிறுவனமும் தன் ஆய்விதழைத் திறந்து வைத்திருக்கிறது. நம் ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து ஓய்வு பெற்ற முதியோர் பலர் உண்டு. அவர்கள் விரும்பினால் இன்றைக்கே தொடங்கலாம்.

இவ்வளவும் நல்ல செய்தி. சிக்கல் அதற்குப் பிறகு வந்தது.

பிழை எங்கே நேர்ந்தது?

மாணவி தேர்ந்தெடுத்தது ஃபிளிண்டர்ஸ் பீட்ரி எழுதிய எகிப்து வரலாறு. நான்தான் பரிந்துரைத்தேன். பீட்ரி பெரிய பெயர், நூல் முழுமையாகக் கிடைத்தது, பணம் கேட்கவில்லை. அவர் அதைப் பார்த்து ஓர் அழகிய காலவரிசை அட்டவணை வரைந்தார். முதல் வம்சத்தின் தொடக்கம் கி.மு. 4500-க்கும் முற்பட்டது என்று அதில் இருந்தது. சில நாள்கள் கழித்து வேறோர் இடத்தில் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இன்றைய ஆய்வாளர்கள் முதல் வம்சத்தைச் சுமார் கி.மு. 3100-இல் வைக்கிறார்கள். பீட்ரியின் கணக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. அந்த அட்டவணையில் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிழை. அதற்குப் பொறுப்பு அந்தப் பெண் அல்லர். முனைவர் பட்டம் பெற்ற நான்.

பிழை ஆண்டுக் கணக்கோடு நிற்கவில்லை. வெளியிலிருந்து வந்த உயர்ந்த இனம் ஒன்று எகிப்திய நாகரிகத்தைத் தோற்றுவித்தது என்ற கருத்தைப் பீட்ரி முன்வைத்தவர். இன்றைய அறிவுலகம் அதை நிராகரித்துவிட்டது. ஆனால் இலவச நூலைத் திறக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த நிராகரிப்பு தெரியாது. வாலிஸ் பட்ஜ் மொழிபெயர்த்த 'இறந்தோர் நூல்' இணையமெங்கும் இறைந்து கிடக்கிறது. அது 1895-இல் வெளியானது. அதற்குப் பின் வந்த, அறிஞர்கள் மதிக்கும் ஃபாக்னரின் மொழிபெயர்ப்பு 1972-ஐச் சேர்ந்தது, பதிப்புரிமைக்குள் இருக்கிறது.

இது தற்செயல் அன்று. இதன் பின்னால் சட்டம் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஒரு நூலின் உரிமை ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். 1992 திருத்தத்துக்கு முன் அது 50 ஆண்டுகளாக இருந்தது. பீட்ரி 1942-இல் மறைந்தார். எனவே அவர் எழுதியவை இங்கே பொதுச் சொத்து. அண்மையில் எழுதியவர்களின் நூல்களோ நம் பேரப்பிள்ளைகளின் காலத்தில்தான் பொதுவுக்கு வரும். ஆக, சட்டம் இலவசமாக விட்டுவைத்திருப்பது பெரும்பாலும் பேரரசுகள் கோலோச்சிய காலத்தின் அறிவு. அதைத் திருத்திய பிற்கால அறிவின் பெரும்பகுதி விலைக்கு உரியது.

தரம் குறைந்த நாணயம் தரமான நாணயத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும் என்பது கிரெஷாம் விதி. பொருளாதார மாணவர்கள் முதலாண்டிலேயே படிப்பது. அறிவுச் சந்தையில் இன்று அதன் இன்னொரு வடிவத்தைக் காண்கிறோம். இலவசமான பழைய நூல் எல்லாக் கைகளுக்கும் போய்ச் சேர்கிறது. விலையுள்ள புதிய நூல் சில நூலகங்களின் அலமாரிகளில் தங்கிவிடுகிறது. வசதியுள்ள மாணவர் இன்றைய அறிவைப் பெறுகிறார். வசதியற்றவர் 1895-ஆம் ஆண்டின் அறிவைப் பெறுகிறார். இருவருக்கும் புத்தகம் கிடைத்துவிட்டது என்று புள்ளிவிவரம் சொல்லும். உண்மையில் அவர்களுக்கிடையே நிற்பது ஒரு நூற்றாண்டு.

நம் வாசலில் எகிப்து

எகிப்தைப் பற்றி நமக்கென்ன என்று கேட்பவர்கள், நெல்லித்தோப்பிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் உலகின் மதுச் சாடிகளும் மட்பாண்டங்களும் வந்து இறங்கிய துறைமுகம் அது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடற்பயண நூல்' குறிப்பிடும் பொதுகே இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்த நூலை எழுதியவர் எகிப்தில் வாழ்ந்த ஒரு கிரேக்க வணிகர். அன்று ரோமப் பேரரசின் இந்திய வணிகம் எகிப்தின் செங்கடல் துறைமுகங்கள் வழியாகவே நடந்தது.

அந்தத் துறைமுகங்களில் தமிழும் கிடைத்திருக்கிறது. குசேர் அல்-கதீம் என்ற இடத்தில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள் பொறித்த தமிழ் பிராமிப் பானை ஓடுகள் கிடைத்தன. பின்னர் அங்கேயே 'பானை ஒறி' என்று பொறித்த ஓடும் கிடைத்தது. ஐராவதம் மகாதேவன் அதைப் படித்து, பானையைத் தொங்கவிடும் உறியைக் குறிப்பது என விளக்கினார். பெரெனிகே துறைமுகத்தின் கோயில் வளாகத்தில் ஏழு கிலோவுக்கு மேல் இந்திய மிளகு ஒரு சாடியில் இருந்தது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் பாப்பிரஸ் ஆவணம் ஒன்று 1985-இல் வெளியிடப்பட்டது. முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தையும், ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கையும் அது தாங்கி நிற்கிறது. இந்தியச் சரக்குக்கு எகிப்தில் நூற்றுக்கு 25 விழுக்காடு சுங்கவரி. இறக்குமதி வரிகள் நாள்தோறும் தலைப்புச் செய்தியாகும் இன்றைய காலத்தில், என் துறை மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஆவணம் அது.

இவற்றைப் பற்றி இலவசமாகப் படிக்க என்ன இருக்கிறது? எரித்ரேயக் கடற்பயண நூலுக்கு ஸ்காஃப் 1912-இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு தாராளமாகக் கிடைக்கிறது. அரிக்கமேடு அகழப்படுவதற்கு முன் எழுதப்பட்டது அது. அதன் குறிப்புகளில் அரிக்கமேட்டைத் தேடிப் பயனில்லை. அதன் பின் அறிஞர்கள் கையாளும் லயனல் காசனின் மொழிபெயர்ப்பு 1989-இல் வந்தது. காசன் 2009-இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி அது பொதுச் சொத்தாவது 2070 ஜனவரியில். என் தெருவின் மாணவிக்கு அப்போது அறுபது வயது ஆகியிருக்கும்.

அரிக்கமேட்டின் கதையும் இதுவே. மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்து, 1946-இல் இந்தியத் தொல்லியல் துறையின் 'பண்டைய இந்தியா' இதழில் வெளியிட்ட அறிக்கை இணையத்தில் கிடைக்கிறது. அவர் அதை இந்திய-ரோமானிய வணிக நிலையம் என்று அழைத்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வு இந்தப் பார்வையை மாற்றியது. அங்கே குடியிருப்பு ரோமானியத் தொடர்புக்கு முன்பே இருந்தது. வீலர் கருதியதைவிட நீண்ட காலம் தொடர்ந்தது. சுருங்கச் சொன்னால், ரோமானியர் வந்து உண்டாக்கிய ஊர் அன்று; உள்ளூர் மக்கள் வாழ்ந்த ஊருக்கு வணிகர் வந்தனர். அந்த முடிவுகளைத் தாங்கிய தொகுதிகள் 1996-இலும் 2004-இலும் வெளியாயின; அவை பதிப்புரிமைக்கு உட்பட்டவை. இலவசமாகப் படிப்பவருக்கு வீலரின் அரிக்கமேடு. வசதியுள்ளவருக்குப் பெக்லியின் அரிக்கமேடு. வீலர் எழுதியது ஆங்கிலத்தில். 1947-க்குப் பின் அகழ்ந்த கசால் எழுதியது பிரெஞ்சில். பெக்லியின் தொகுதிகள் ஆங்கிலத்தில். மண் தமிழ் மண். அறிக்கையின் மொழி எதுவும் தமிழன்று.

ஒரே நாடு, ஒரே சந்தா: யாருக்கு?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறக்கப்படுகின்றன. பயனாளிகள் சுமார் 1.8 கோடி பேர். கணக்கிட்டால், ஒரு பயனாளிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.1,100. நல்ல முயற்சி, வரவேற்கிறேன்.

ஆனால் இந்த 1.8 கோடியில் பள்ளி மாணவர் இல்லை. பள்ளி ஆசிரியர் இல்லை. பொது நூலகத்துக்கு வந்து படிப்பவர் இல்லை. ஓய்வு பெற்ற மறுநாளே நூலக அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்த என்னைப் போன்றவர்களும் இல்லை. வரி செலுத்துவோர் பணத்தில் வாங்கிய வாசிப்புரிமை, வரி செலுத்துவோரில் மிகப் பலருக்கு இல்லை. மேலும், இது சந்தாவே அன்றி உடைமை அன்று. வீட்டு வாடகை போன்றது. ஒப்பந்தம் முடிந்தால் கதவு மூடிவிடும்.

இன்னொரு பக்கம், குறுக்குவழிகள் அடைக்கப்படுகின்றன. ஆய்வுக் கட்டுரைகளை உரிமையின்றித் தந்துவந்த சில தளங்களை இந்தியாவில் முடக்குமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. சட்டத்தை மீறிய நகலை நான் ஆதரிக்கவில்லை. சிறு பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும் தமிழில் எத்தகைய நெருக்கடியில் நூல் வெளியிடுகிறார்கள் என்பதை அறிந்தவன் நான். அவர்கள் உழைப்புக்குக் கூலி வேண்டும். ஆனால் இதே நீதிமன்றம்தான் 2016-இல், வகுப்புத் தேவைக்காக நூற்பகுதிகளை நகலெடுத்துத் தருவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்றும் தீர்ப்பளித்தது. பதிப்புரிமை என்பது படைப்பவரை ஊக்குவிக்கச் சமூகம் தரும் காலவரையறையுள்ள ஏகபோகம். ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நீளும் உரிமை யாரை எழுத ஊக்குவிக்கிறது என்ற கேள்விக்கு எந்தப் பொருளாதாரப் பாடநூலிலும் நிறைவான விடை இல்லை. ஒருவர் படிப்பதால் மற்றவருக்குக் குறையாத பொருள் அறிவு. அதன் அடுத்த படியை உருவாக்க ஆகும் செலவு ஏறக்குறைய சுழியம்.

எரிந்த நூலகங்களின் பாடம்

இலவசமாக வைப்பது மட்டும் போதாது. அழியாமல் வைக்க வேண்டும். அலெக்சாந்திரியாவின் பழம்பெரும் நூலகம் மறைந்ததைப் பற்றி உலகம் இன்றும் பேசுகிறது. நாம் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அந்த இழப்பின் நினைவு சுமந்த சமூகத்திலிருந்துதான் 2005-இல் நூலகம் என்ற மின்னூலகம் பிறந்தது. அதற்கு முன்பே 1998-இல் தன்னார்வலர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தனர். தமிழ்நாட்டில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக எல்லோருக்கும் கிடைக்கின்றன. பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தை இன்று யாரும் வீட்டிலிருந்தே படிக்கலாம். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பழங்காலத் தமிழர் வாணிகம்' நூலும் அவ்வாறே. பணம் படைத்த பல மொழியினர் செய்யாததைத் தமிழர் செய்திருக்கிறார்கள்.

எனினும் மின்னூலகமும் எரியும்; நெருப்பின் வடிவம்தான் வேறு. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. 2024 அக்டோபரில், உலகமே நம்பியிருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள்கள் முடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் அது மேல்முறையீட்டில் தோற்றிருந்தது. அவ்வழக்கின் விளைவாக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அதன் இரவல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இந்தத் தளத்தின் ஒரு மறுபடி, 2002-இல் திறக்கப்பட்ட புதிய அலெக்சாந்திரியா நூலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பழைய இழப்பிலிருந்து எகிப்து பாடம் கற்றிருக்கிறது. நாம்?

நான்கு பரிந்துரைகள்

முதலாவது, 2027-இல் சந்தாத் திட்டம் புதுப்பிக்கப்படும்போது பொது நூலகங்களையும் அரசுப் பள்ளிகளையும் அதில் சேர்க்க வேண்டும். 1827 முதல் இயங்கிவரும் நம் ரோமன் ரோலண்ட் நூலகத்தின் ஒரு கணினியில் அந்த 13,000 இதழ்கள் திறந்தால், அது புதுச்சேரிக்கு ஒரு புதிய பல்கலைக்கழகம் கிடைத்ததற்குச் சமம்.

இரண்டாவது, அரசுப் பணத்தில் நடக்கும் அகழாய்வின் அறிக்கை, குறித்த காலத்துக்குள் கட்டணமின்றி வெளியிடப்பட வேண்டும். அகழப்பட்ட மண்ணின் மொழியிலும் வெளியிடப்பட வேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் கீழடி குறித்த நூலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டு வழிகாட்டியது. மத்தியத் தொல்லியல் துறையிடம் 2023 ஜனவரியில் அளிக்கப்பட்ட கீழடி அறிக்கையோ 2025 மே மாதம் திருத்தம் கோரித் திருப்பி அனுப்பப்பட்டது. அதன் முடிவுகளில் அறிஞர்கள் மாறுபடலாம். ஆனால் மாறுபடுவதற்கும் முதலில் படிக்கக் கிடைக்க வேண்டும். பீட்ரியின் ஆண்டுக் கணக்கு பிழையென்று நிறுவப்பட்டதே அவர் அதை அச்சிட்டு வெளியிட்டதால்தான்.

மூன்றாவது, பழைய இலவச நூல்களை இணையத்தில் ஏற்றும் நம் நிறுவனங்கள் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்க முன்னுரை சேர்க்கட்டும். இந்த நூல் எப்போது எழுதப்பட்டது, எவை இன்றும் நிற்கின்றன, எவை கைவிடப்பட்டன என்று துறை அறிஞர் ஒருவர் எளிய தமிழில் சொன்னால் போதும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாங்கள் எதற்கு இருக்கிறோம்?

நான்காவது, மொழிபெயர்ப்பு. எகிப்தியச் செங்கடல் துறைமுகங்கள், முசிறி ஆவணம், அரிக்கமேடு ஆகியவற்றைப் பற்றிய இன்றைய ஆய்வுகளை உரிமை பெற்றுத் தமிழில் தர வேண்டும். 1955 முதல் இவ்வூரில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தன் நூல்கள் பலவற்றை ஏற்கெனவே இணையத்தில் திறந்து வைத்துள்ளது. புதுச்சேரி அரசும் பல்கலைக்கழகமும் அதனோடு கைகோத்தால் இது இயலாததன்று.

மாணவியின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். தவற்றை உணர்ந்த மறுநாள் நானே அவர் வீட்டுக்குப் போய், "அந்த அட்டவணை தப்பும்மா, என் பிழை" என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகளை இருவருமாக, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தோம். இரண்டு மாலைகள் ஆயின. புதிய அட்டவணையில் பழைய ஆண்டையும் அவர் விட்டுவைத்தார். அதன் மேல் ஒரு கோடு போட்டு, அருகே "முன்பு இப்படிக் கருதினர்" என்று எழுதினார். நான் கேட்கும் முன்னுரை அவ்வளவுதான். அது எல்லா மாணவர்க்கும் கிடைக்க வேண்டும். தெருவில் ஒரு பேராசிரியர் இருக்கிறாரா என்ற தற்செயலை நம்பி அது இருக்கக் கூடாது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), புதுச்சேரி.